அமலா வரைந்த சொல்லில்லாத இரண்டு பக்கங்கள்

கீரனூரில் ஒரு பள்ளியின் தமிழ் மன்ற விழா. முற்பகல் வேளை. நான் பேசிக்கொண்டிருந்தபோது மேடையோரமாக ஒரு துண்டுச்சீட்டு என் கைக்கு வந்தது. மேடையில் நிற்பவனுக்கு அந்தச் சீட்டு புதிதன்று. "நேரமாகிவிட்டது, முடித்துக்கொள்ளவும்" என்று எழுதியிருப்பார்கள். அதைப் பிரித்துப் பாராமலே மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது என் நெடுநாள் வழக்கம். அதைக் கண்டு கூட்டம் கைதட்டும். அன்றும் தட்டியது. அந்தக் கைதட்டலின் சூட்டில் மேலும் நாற்பது மணித்துளி முழங்கினேன். பிறகு மகிழுந்தில் ஏறி, கண்ணாடி துடைக்கத் துணி தேடிப் பைக்குள் கைவிட்டபோது சீட்டு விரலில் பட்டது. பள்ளி எழுத்தர் தெளிவான கையெழுத்தில் எழுதியிருந்தார்: "அன்னவாசல் அமலா இன்று காலை இறந்துவிட்டார். தங்கை செலின் தொலைபேசியில் சொன்னது."

ஒருவரின் சாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாற்பது மணித்துளி கைதட்டு வாங்கியவன் எழுதும் அஞ்சலி இது. அமலாவை அறிந்த நண்பர்களே, இதில் கண்ணீரைத் தேடாதீர்கள். ஒரு பழி இருக்கிறது. அதைத் தீர்க்கவே எழுதுகோலை எடுத்திருக்கிறேன்.

உங்களுள் சிலர் அவரை மொழியாசிரியராக அறிவீர்கள். சென்னைக்கு அருகே சப்பானியர் நடத்திய தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராய்ப் பல்லாண்டு இருந்தார். சிறுநீரகம் பழுதுபட்டபின் அன்னவாசலுக்குத் திரும்பினார். சப்பானுக்கு வேலைக்குப் போகும் செவிலியர்க்குத் தம் வீட்டு மாடியறையிலிருந்தபடியே இணையவழியாக அம்மொழியைக் கற்பித்தார். வேறு சிலர் அவரைக் 'கோடு தொட்டவள்' என்ற படக்கதையை வரைந்தவராக அறிவீர்கள். நார்த்தாமலைப் பெண்ணொருத்தி கபடி ஆட வந்த கதை அது. சிறுவர் திங்களிதழ் ஒன்றில் இரண்டாண்டு தொடராக வந்தது. கதையும் படமும் அமலாவுடையவை. பாத்திரங்களின் பேச்சு மட்டும் நான் எழுதியது. அத்தொடர் நூலாக வந்தபோது அட்டையில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. என் பெயர். பழி அதற்குத்தான்.

அந்நூலை வெளியிட்டவரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். தன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமற்போனால் எப்படியிருக்கும் என்பதை அவரும் சிறிது அறியட்டும்.

அமலாவை நான் பகைவராகத்தான் முதலில் சந்தித்தேன். அன்னவாசல் பள்ளியொன்றில் நூல்நாள் கூட்டம். சப்பானியப் படக்கதைகள் தமிழ்ப் பிள்ளைகளின் சிந்தனையைத் தின்னும் கறையான்கள் என்று ஒருமணி நேரம் தீப்பொறி பறக்கப் பேசி அமர்ந்தேன். பெற்றோர் வரிசையின் பின்னாலிருந்து மெலிந்த பெண்ணொருவர் எழுந்தார்.

"ஐயா, ஒரு சின்ன சந்தேகம் கேக்கலாமுங்களா?"

"கேளுங்கள் அம்மையீர்."

"நீங்க இப்பப் பேசுனதே அந்தப் படக்கதை மாதிரிதானங்க இருந்துச்சு?"

அவை சலசலத்தது. அவர் விரலை மடக்கத் தொடங்கினார்.

"மொதல்ல, ஒண்ணுமில்லாத ஏழைப் பையனா இருந்தேன்னு சொன்னீங்க. நாயகன் எல்லாருக்கும் கீழ இருந்துதான் கெளம்பணும், அது மொத விதி. அடுத்தாப்ல, கல்லூரிப் போட்டியில தோத்ததச் சொன்னீங்க. தோக்காதவன எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது, அது ரெண்டாவது. அப்பறம் உங்களவிட நல்லாப் பேசுற எதிராளி ஒருத்தர் வந்தாரு. அப்பறம் உங்க ஆசிரியரு செத்துப்போனாரு. ஆசிரியரு செத்தாத்தான் நாயகனுக்கு வேகம் வரும். கடைசியா, 'இதோ வீசுகிறேன் என் சொல்வாளை'ன்னு சத்தமாச் சொல்லிட்டுத்தான் வீசுனீங்க. அவங்களும் அடிக்கு ஒரு பேரு வச்சு, பேரக் கத்திட்டுத்தான் அடிப்பாங்க. ஒண்ணுகூட மிஸ் ஆகலைங்க."

அந்தச் சிரிப்பு இன்னும் என் செவியில் இருக்கிறது. என் மேடையில், என் ஒலிபெருக்கிக்கு முன்னால், தலைமையாசிரியர் உட்பட அனைவரும் சிரித்தனர். அன்றே வஞ்சினம் கொண்டேன். அவரிடமே பன்னிரண்டு நூல்களைக் கடன் வாங்கிச் சென்றேன். சப்பானிய எழுத்தின்மேல் தமிழ் எழுதிய தாள்துண்டுகளை அவரே ஒட்டிவைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் குற்றம் கண்டு, அடுத்த கூட்டத்தில் அவரைக் கிழித்தெறிவது என் திட்டம். சிவப்பு எழுதுகோலுடன் அமர்ந்தேன். முதல் நூலை முடித்ததும் வெற்றிக்களிப்புடன் தொலைபேசியில் அழைத்தேன்.

"அம்மையீர், உங்கள் நாயகன் முதற்பக்கத்திலேயே வென்றுவிடுகிறான். பிறகு அடிவாங்குகிறான். இறுதியில் சண்டை போடவே தெரியாதவனாகித் தன் ஊருக்குத் திரும்புகிறான். இதற்குக் கதையென்று பெயரா?"

மறுமுனையில் நெடுநேரம் சிரிப்பொலி மட்டுமே வந்தது.

"ஐயா, புத்தகத்தத் திருப்பிப் பிடிங்க. அவங்க வலப்பக்கமிருந்து படிப்பாங்க. நீங்க முடிவுலேருந்து பொறப்பட்டுருக்கீங்க."

திருப்பிப் பிடித்தேன். ஏழாம் நூலுக்கு வந்தபோது சிவப்பு எழுதுகோல் எங்கே போயிற்றென்று எனக்கே தெரியவில்லை.

பன்னிரண்டையும் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "இது கலையன்று, வாய்பாடு" என்று மட்டும் சொன்னேன். தோற்றவன் விடைபெறும்போது சொல்லும் சொல் அது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "வாய்பாடு தெரியாம யாரு கணக்குப் போட்டா? இதப் படிக்கிறதெல்லாம் எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க. அடுத்து என்ன வரும்னு அதுங்களுக்குத் தெரியணும். தெரிஞ்சும் பக்கத்தத் திருப்பணும். அதுலதான் வேலையே இருக்கு" என்றார். பிறகு மேசையிலிருந்த தாள்களை என் பக்கம் தள்ளினார். நம் மண்ணில் நடக்கும் கதையை அதே விதிகளில் கட்டியிருந்தார். "கதைய நான் பாத்துக்கிறேன். பேச்ச நீங்க குடுங்க. நம்ம பிள்ளைங்க வாயில நல்ல தமிழ் வரட்டும்."

பகைவனை மூன்றாம் இயலிலேயே தன் அணிக்குள் இழுத்துக்கொள்வதும் அக்கதைகளின் விதிகளுள் ஒன்று என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

அன்றிலிருந்து திங்கள்தோறும் எனக்கும் அவருக்கும் போர்தான். பேச்சுக்குமிழ்கள் வெறுமையாக விடப்பட்ட படநகல்களை அனுப்புவார். நான் நிரப்பி அனுப்புவேன். எதிரணியின் எழுவரும் நாயகி மருதியைச் சூழ்ந்துகொள்ளும் காட்சிக்கு நான் பதினொரு வரி எழுதினேன். பெண்ணின் பெருமை, மண்ணின் மானம், மலையின் உறுதி எல்லாம் அதில் இருந்தன. மறுநாளே அழைப்பு வந்தது.

"ஐயா, பாடிப் போறவ ஒரே மூச்சுல போறா. இம்புட்டும் பேசுனா நடுக்கோட்டுலயே செத்துருவா."

"உணர்ச்சி வேண்டாமா?"

"உணர்ச்சி வேணுங்க. ஆனா இது பலூனு. நீங்க மாநாட்டுப் பந்தல்னு நெனச்சுட்டீங்க."

பதினொன்றை மூன்றாக்கினார். எதிர்த்து நின்றேன். இரண்டாக்கினார்.

ஒன்றில் மட்டும் நான் முழு வெற்றி பெற்றேன். மருதியின் தாக்குதல்களுக்குப் பெயரிடும் உரிமையை அவர் என்னிடமே விட்டார். 'நிழல் மிதி', 'குன்று பெயர்த்தல்' என்று நான் சூட்டிய பெயர்களை மாவட்டம் முழுதும் பெண்பிள்ளைகள் கூவத் தொடங்கினர். குன்றாண்டார்கோவில் திடலுக்கு என்னை ஆட்டம் பார்க்க அழைத்துச் சென்றார் அமலா. ஒரு பெண் எதிரணிக்குள் பாய்ந்து "நிழல் மிதி!" என்று முழங்கினாள். உடனே நடுவர் ஊதலை ஊதினார். 'கபடி, கபடி' என்று பாடுவதை விட்டு அவள் என் தமிழைப் பாடிவிட்டாள். ஆட்டமிழப்பு. அமலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்தீங்களா, உங்க தமிழு எதிராளிக்கு ஒரு பாயிண்ட வாங்கிக் குடுத்துருச்சு!" அந்தப் பெண் எங்களருகே வந்து, "ஐயா, அடுத்த தடவ சின்னப் பேரா வைங்க, மூச்சு முட்டுது" என்றாள்.

கடைசி இயலுக்கு வருகிறேன். இனி நான் சொல்வதை நிறுத்தி நிறுத்திப் படியுங்கள்.

இறுதி ஆட்டத்தில் மருதியின் எதிரி கயல் வீழ்கிறாள். அவள் வீழ்வதற்குச் சற்றுமுன் அமலா இரண்டு பக்கம் வரைந்திருந்தார். எதிரி விழும் கணத்தில் அவளது இளமைக்காலத்தைக் காட்டுவது சப்பானியக் கதைகளின் உறுதியான விதி. கயல் சிறுமியாகக் கபடி ஆடுகிறாள். அவள் அணி கோப்பையை வெல்கிறது. மறுநாள் பள்ளியின் காலைக் கூட்டத்தில் சான்றிதழ் வழங்குகிறார்கள். வரிசையிலிருந்து வேறொரு பெண் நடந்துபோய் அதைப் பெற்றுக்கொள்கிறாள். கயல் தன் இடத்தில் நின்று கைதட்டுகிறாள். அவ்வளவே. அவ்விரு பக்கங்களிலும் ஒரு குமிழ்கூட இல்லை.

"எனக்கு இங்கே இடமே வைக்கவில்லையே?" என்று கேட்டேன்.

"இல்லைங்க ஐயா. இது அவளோட பக்கம்."

"எதிரியின்மேல் இரக்கத்தைத் தூண்டி அவளை மன்னிக்கச் சொல்கிறீர்களா?"

"மன்னிக்கச் சொல்லலைங்க. அடி ஆளு மேல விழணும். பொம்மை மேல விழுந்தா அடிச்சவளுக்கும் தெரியாது, படிக்கிற பிள்ளைக்கும் தெரியாது. எதிராளிக்கு ரெண்டு பக்கம் குடுத்துட்டு, அப்பறம் அடிக்கணும். அப்பத்தான் அது அடி."

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. சொல் இல்லாத இடத்தில் பொருள் இருக்கும் என்று நம்புவதற்கு நான் பழகியிருக்கவில்லை.

நூல் வந்தபோது அமலா திருச்சி மருத்துவமனையில் இருந்தார். வாரத்தில் மூன்று நாள் அவர் குருதியைப் பொறி தூய்மை செய்துகொண்டிருந்த காலம். பதிப்பாளர் அனுப்பிய முதற்படியைச் செலின் கொண்டுவந்து படுக்கையில் வைத்தார். நானும் அருகிருந்தேன். அட்டையைக் கண்டதும் என் உடல் எரிந்தது. என் பெயர் கட்டைவிரற் பருமனில் நின்றது. உள்ளே திருப்பினேன். 'ஓவியம்: பதிப்பகக் குழு' என்றிருந்தது. அமலா என்ற மூன்று எழுத்து அந்நூலின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"ஐயா பேரு பளிச்சுனுதான் இருக்கு" என்றார் அமலா. செலினின் கண்கள் மட்டும் என்மேல் நிலைகுத்தி நின்றன.

நான் இரைந்தேன். பதிப்பாளரை இன்றே தெருவில் நிறுத்துவேன் என்றேன். அறைக்குள் வந்த செவிலி, "சார், மெதுவாங்க, இது வார்டு" என்று அதட்டினார்.

அமலா அதையெல்லாம் கேட்கவில்லை. நூலை வரிசையாகப் புரட்டிக்கொண்டு போனார். இறுதி ஆட்டம் வந்தது. கயல் பாய்கிறாள். அடுத்த பக்கத்தில் கயல் வீழ்ந்து கிடக்கிறாள். அமலாவின் கை நின்றது. அந்தத் தாளின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்துத் தேய்த்தார். ஒருமுறை, இருமுறை. இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம் என்று நினைத்தவரைப்போல, நகத்தால் ஓரத்தை மெல்ல நெருடினார். பிரிக்க அங்கே எதுவுமில்லை.

"ஒட்டிக்கிட்டு இருக்குமோன்னு பாத்தேங்க" என்று சொல்லி நூலை மூடினார்.

நண்பர்களே, அந்த இரண்டு பக்கம் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியும். நூல் அச்சேறும் முன் பதிப்பாளர் என்னை அழைத்தார். நான் ஏதோ ஒரு மாநாட்டுக்கு விரைந்துகொண்டிருந்தேன். "ஐயா, பதினாறு பக்கம் ஒரு பாரமா ஓட்டுறோம். ரெண்டு பக்கம் மிச்சம் நிக்குது, பாரத்துல ஒக்காரல. எத எடுக்கலாம்?" என்றார். நான் ஒரு கணமும் எண்ணிப் பார்க்கவில்லை. "சொல்லே இல்லாத இரண்டு பக்கம் இருக்கின்றனவே, அவற்றை எடுத்துவிடுங்கள்" என்றேன்.

பெயரைத் திருடியவர் பதிப்பாளர். பக்கத்தைக் கொடுத்தவன் நான்.

அன்று அந்தப் படுக்கையருகில் இதைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அட்டையைப் பற்றி மேலும் உரக்க இரைந்தேன். எட்டு மாவட்டங்களில் ஒலிவாங்கிக்கு முன் அஞ்சாத நாக்கு, ஒரு நோயாளியின் முன் ஒளிந்துகொண்டது. நான் புறப்பட்டபோது அமலா ஒன்று சொன்னார். "பதிப்பாளர அடிக்கப் போறீங்கன்னு தெரியும். தடுக்க மாட்டேன். அவருக்கும் ரெண்டு பக்கம் குடுத்துட்டு அடிங்க." அதுவே அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

அடக்கத்தன்று அன்னவாசலில் கோவில் மணி ஒலித்து ஓய்ந்தது. கல்லறைத் தோட்டத்தில் கபடிப் பிள்ளைகள் சீருடையோடு வரிசையாக நின்றார்கள். யாரோ என்னை முன்னால் அழைத்தார்கள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு அடியெடுத்து வைத்தேன். செலின் குறுக்கே வந்து நின்றார்.

"வேண்டாங்க ஐயா. இன்னைக்கு நீங்க பேச வேண்டாம்."

"அங்கிட்டு வாங்க" என்று மதிலோரம் அழைத்துச் சென்று, குரலை உயர்த்தாமலே சொன்னார்:

"அந்தக் கயல் கத எங்க அக்கா கததாங்க. வயசுச் சான்று சரியில்லன்னு வேற பிள்ள பேருல அக்காவ எறக்குனாங்க. கப்பு வந்துச்சு. சர்டிபிகேட்டு அந்தப் பிள்ள பேருல வந்துச்சு. அக்கா நின்னு கைதட்டுனா. பக்கத்துல நானும் தட்டுனேன், எனக்கு என்ன தெரியும், சின்னப் பிள்ள. அதுக்கப்பறம் அவ ஆடவே இல்ல. யாருகிட்டயும் சொன்னதும் இல்ல. அந்த ரெண்டு பக்கத்துலதான் சொன்னா."

"செலின், அந்தப் பக்கங்களை எடுக்கச் சொன்னது..."

"தெரியுங்க. அன்னைக்கு நீங்க போனப்பறம் அக்கா போன் போட்டுக் கேட்டா, பதிப்பாளரு சொல்லிட்டாரு, ஐயா சொல்லித்தான் எடுத்தோம்னு. எனக்கு உங்க மேல கொலவெறி வந்துச்சு. அக்காதான், 'விடுடி, அவரு பேச்சாளரு, சத்தம் இல்லாத எடத்துல ஒண்ணுமில்லன்னுதான் அவருக்குத் தோணும்'னா."

ஆக, அவர் எனக்கும் இரண்டு பக்கம் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அடிக்கவேண்டியதை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மறுவாரம் புதுக்கோட்டையில் பதிப்பாளரின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் தேநீர் வரவழைத்தார். நான் தொடவில்லை. அமலா சொன்னபடி முதலில் அவருக்கு இரண்டு பக்கம் கொடுத்தேன். "ஏன் செய்தீர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்வில் அத்தனை நேரம் நான் பிறர் பேச்சைக் கேட்டதில்லை.

அவர் சொன்னார். இளமையில் ஒரு சிறுவர் இதழ் தொடங்கினாராம். ஊர் ஊராகப் போய் அறியப்படாத எழுத்தாளர்களைத் தேடிப்பிடித்து அச்சிட்டாராம். ஒருவரும் வாங்கவில்லை. கட்டுக்கட்டாய் இதழ்கள் திரும்பி வந்தன. கட்டில் போட இடமின்றி அந்தக் கட்டுகளின் மேலேயே அவரும் மனைவியும் ஓராண்டு படுத்தெழுந்தார்களாம். "அன்னைக்கு முடிவு பண்ணேங்க, தெரியாத பேர இனி அட்டையில போடுறதில்லன்னு. உங்க பேரு இருந்தாத்தான ஐயா பள்ளிக்கூடத்துல வாங்குறாங்க?" சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அது பொய்யன்று. அந்தக் கலக்கத்தை நான் முழுமையாகக் கண்டேன். என் எதிரில் ஓர் ஆள் இருந்தார்.

ஆகவே அடித்தேன்.

"என் சொல் ஒன்றுக்கும் நான் உமக்கு உரிமை எழுதிக்கொடுத்ததில்லை. ஒரு தாளிலும் கையொப்பமிட்டதில்லை. அமலாவும் இட்டதில்லை. அடிக்குப் பெயர் சொல்லிவிட்டு அடிப்பதுதான் எங்கள் கதையின் முறை. இதன் பெயர் 'சொற்பறிப்பு'. இந்த நூலிலுள்ள என் பேச்சு முழுவதையும் இந்தக் கணமே திரும்பப் பெறுகிறேன். நாளை வழக்குரைஞரின் அறிவிக்கை வரும். நாளை மறுநாள் ஒரு படிகூட எந்தக் கடையிலும் இருக்கக்கூடாது."

"ஐயா, ஐயா, ஒக்காருங்க. அம்மா பேரையும் போட்டுர்றேன். அடுத்த பதிப்புல, உங்க பேருக்குக் கீழ..."

"கீழே?"

நான் வெளியே வந்துவிட்டேன். நூல்கள் கடைகளிலிருந்து திரும்பின. அவர் மீண்டும் கட்டுகளோடு வாழ்கிறார் என்று கேள்விப்படுகிறேன். இரண்டு முறை ஆளனுப்பினார், மன்னித்துவிடும்படி. மன்னிக்கவில்லை. அவருக்காக வருந்துகிறேன். வருத்தமும் சினமும் ஒரே நெஞ்சில் பக்கம் பக்கமாக இருக்கமுடியும் என்பதை அமலாவிடம்தான் கற்றேன். ஒன்று வந்ததால் மற்றொன்று வெளியேறவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

பாதிப் பழி தீர்ந்தது. மறுபாதி என் கணக்கில் நின்றது.

நூலைச் செலினே மறுபடி கொண்டுவருவதாக முடிவாயிற்று. அட்டையில் அமலா என்ற ஒரே பெயர். நீக்கிய இரண்டு பக்கங்களும் அவற்றுக்குரிய இடத்தில். என் பேச்சைச் செலினுக்கு இலவயமாக அளிக்கிறேன் என்று பெருந்தன்மையோடு சொல்லப் போனேன். அவர் அலமாரியிலிருந்து மூலப்படங்களின் கட்டை எடுத்து வைத்தார். இரண்டாண்டுக் காலத்தில் நான் மூலத்தைப் பார்த்ததே இல்லை. எனக்கு வந்தவையெல்லாம் நகல்கள்.

முதற்பக்கத்தைக் கண்டேன். வெறுமையாக இருக்கவேண்டிய குமிழ்களுக்குள் எழுத்து இருந்தது. வெளிர்நீல எழுதுகோலால் எழுதிய மெல்லிய எழுத்து.

"இதென்ன?"

"அக்கா எழுதுனதுங்க. படம் போடுறப்பவே பேச்சையும் எழுதிருவா. அந்த நீலம் நகல் மிசின்ல விழாது. அதான் உங்களுக்கு வெறும் பலூனா வந்துச்சு."

அமர்ந்து முழுவதையும் படித்தேன். எழுவர் சூழும் காட்சியில் என் பதினொரு வரி சுருங்கி இரண்டாகி நின்ற இடத்தில் அவர் எழுதியிருந்தது, "வாங்கடி." அவ்வளவே. மருதி முதன்முறை தோற்று வீடு திரும்பும்போது தாயிடம் பேச நான் தன்மானத்தைப் பற்றி ஆறு வரி எழுதியிருந்தேன். அமலாவின் நீலத்தில், "சோறு இருக்கா?" அன்னவாசல் பெண்பிள்ளைகள் பேசுவதைப் போலவே ஒவ்வொரு குமிழும் பேசியது. எல்லாம் ஏற்கெனவே அங்கே இருந்தன. அவற்றின்மேல் நான் இரண்டாண்டு என் முழக்கத்தை ஊற்றியிருக்கிறேன். ஒருமுறைகூட அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

அப்போதே என் தண்டனையை எழுதிவிட்டேன். புதிய நூலில் என் சொல் ஒன்றுகூட இராது. 'நிழல் மிதி' இராது. 'குன்று பெயர்த்தல்' இராது. நன்றியுரையிலும் என் பெயரைப் போடவேண்டாம் என்று செலினிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் தடுத்துப் பார்த்தார். "ஐயா, அக்கா இதக் கேக்க மாட்டாளே." கேட்கமாட்டார். அதனால்தான் செய்கிறேன். அக்காளின் நீல எழுத்தின்மேல் இப்போது செலின் கரிய மை ஏற்றிக்கொண்டிருக்கிறார். நாளுக்கு நான்கு பக்கம் முடிகிறது.

அமலாவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்று சொல்லி முடிக்கிறேன். கடைசிப் பக்கத்தில், வென்ற மருதி வீழ்ந்து கிடக்கும் கயலின் முன் நிற்கிறாள். அங்கே நான் ஒன்பது வரி வீரமுழக்கம் வைத்திருந்தேன். அந்தப் பக்கத்துக்கு நகல் கேட்டேன். நகலியில் அந்த நீலம் விழாதே என்று செலின் நினைவூட்டினார். எனவே ஒரு தாளை எடுத்து, அமலாவின் எழுத்தைப் பார்த்து என் கையாலேயே எழுதிக்கொண்டேன். ஓர் எழுத்தையும் திருத்தவில்லை, ஓர் எழுத்தையும் கூட்டவில்லை. இனி எந்த மேடையேறினாலும் அந்தத் தாள் என் பையில் இருக்கும். அதில் உள்ளது இவ்வளவே:

"எந்திரி கயலு. தண்ணி குடிக்கிறியா?"